நடு மணையில் உட்கார்ந்தவள்

நம் பாட்டு ரசிகர் குழுவில் போன வாரம் நடந்த சண்டையை எல்லோரும் படித்திருப்பீர்கள். புதிதாக இசைத்தட்டு பிளேயர் வாங்கியவர் ஒரு பக்கம். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு காதில் ஒயர் இல்லாத குமிழை மாட்டிக் கேட்டால் போதாதா என்பவர் மறுபக்கம். தரமா வசதியா என்ற அதே பழைய குடுமிப்பிடி. நான் பேசாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஓர் அன்பர், "மோனோவில் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இந்தக் குழுவில் என்ன வேலை?" என்று போட்டார். பெயர் சொல்லவில்லை, சொல்ல அவசியமும் இல்லை. இடது வலது இரண்டு சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து கேட்கிற ஒரே ஆள் இங்கே நான்தான். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள் வேறு.

பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், அதையும் அழித்தேன். கட்டைவிரலால் தட்டி முடிகிற சமாச்சாரம் இல்லை இது. நம்மில் பாதிப் பேருக்குப் படிக்கிற கண்ணாடி வந்துவிட்டது, மீதிப் பேர் சர்க்கரை மாத்திரையில் இருக்கிறீர்கள். அவசரம் ஒன்றும் இல்லை, மெதுவாகப் படியுங்கள். சிரித்த பொம்மைக்காரர்கள் கட்டாயம் படியுங்கள்.

நாங்கள் அப்போது வடக்குப்பட்டில் இருந்தோம். நான் ஏழாம் வகுப்பு முடித்திருந்த பெரிய லீவு. எங்கள் ஊரைச் சுற்றி நிலத்தைச் சமன் செய்யும் மஞ்சள் வண்டிகள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. கொடியில் காயும் துணி சாயங்காலத்துக்குள் செம்மண் நிறமாகிவிடும். அப்பாவுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார். ஷிப்ட் முடிந்து வந்தால் அம்மா எதைக் கேட்டாலும் முதலில் "இன்னா?" என்பார். இரண்டாவது தடவைதான் பதில் வரும்.

அந்த மனிதருக்குப் பாட்டு என்றால் பைத்தியம். படப்பையில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் சொல்லிச் செய்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று வைத்திருந்தார். பூட்டிய மரப்பெட்டிபோல இருக்கும். போட்டுக் கொஞ்ச நேரத்தில் சூடேறி, தூசி கருகும் வாசனை வரும். எனக்கு இன்றைக்கும் பாட்டு என்றால் முதலில் மூக்கில் ஏறுவது அந்த வாசனைதான். ஸ்பீக்கருக்குப் பெட்டி கிடையாது, பானை. இரண்டு பெரிய மண்பானைகள், அவற்றின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து உட்கார வைத்திருப்பார். டீக்கடையில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர்கள் ஏதோ ஒரு பானையை வைப்பார்கள், அப்பா அப்படி இல்லை. சூளைக்காரரிடம் போய் ஒவ்வொரு பானையையும் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டு, ஒரே குரலில் பேசுகிற ஜோடியாகப் பார்த்து எடுத்துவந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கக்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை இந்த ஆள் என்று அம்மா சொல்வாள்.

கேசட்டும் கடையில் விற்கிற கேசட் ஆகாது. தாம்பரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் இசைத்தட்டிலிருந்து நேராக இறக்கித் தரச்சொல்லி வாங்குவார். ஒரு பக்கத்துக்கு இத்தனை பாட்டுதான் என்று அவருக்குக் கணக்கு. நிறையத் திணித்தால் சத்தம் மெலிந்துவிடுமாம். பிறகு அந்த இரண்டு பானைக்கும் நேர் எதிரே, சரியாக நடுவில், ஒரு மரமணை. அதில் ஒரே ஒருவர் உட்காரலாம். அங்கே உட்கார்ந்தால் பாடுகிறவர் இரண்டு பானைக்கும் நடுவில், சுவருக்கு முன்னால், ஆளாகவே வந்து நிற்பார் என்பது அப்பாவின் மதம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் ஆள் காணாமல் போய்விடுவார்.

இதில் அவருக்கு ஒரு கஷ்டம். நாள் முழுக்கப் பிரஸ் அடித்த காது. மெல்லிய ஓசைகள் சரியாக வருகின்றனவா என்று அவருக்கே நிச்சயமாகத் தெரிவதில்லை. "என் காதை மிஷினு துன்னுடுச்சு" என்பார். அதனால் மணையில் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல அவருக்கு ஒரு புதுக் காது தேவைப்பட்டது. வீட்டிலிருந்த ஒரே புதுக் காது என்னுடையது. அப்பாவுக்குக் காதாக இருக்கப்போகிறோம் என்று நான் தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே பவுடர் போட்டுக்கொண்டேன்.

பாட்டைப் போட்டுவிட்டு, பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று கேட்டார். நான் வலது பானையைக் காட்டினேன். இடது பானையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிட்டு மறுபடி கேட்டார். வலது பானையையே காட்டினேன். சத்தத்தைக் குறைத்து, கூட்டி, கடைசியில் ஒயர் இரண்டையும் இடம் மாற்றிச் சொருகிவிட்டு வந்து கேட்டார். நான் அப்போதும் வலது பானையைக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். சத்தியமாக நான் விளையாடவில்லை. எனக்கு அங்கேதான் கேட்டது.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பெண் என்னைப் பாண்டி ஆடக் கூப்பிட வந்து வாசலில் நின்றாள். என் வகுப்புதான், என் பெஞ்சுதான். அப்பா அவளைக் கூப்பிட்டு மணையில் உட்காரச் சொன்னார். அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஆள்காட்டி விரலை நீட்டி, இரண்டு பானைக்கும் நடுவே சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். அப்பா சத்தமில்லாமல் ஒரு பானையை ஒரு சாண் தள்ளினார். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

"இப்ப ஜன்னலாண்ட போய்க்கினாரு மாமா" என்றாள்.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "உனக்குத்தாம்மா காது கீது" என்று அவளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உனக்குக் காது இல்ல பாப்பா. உடு, அது எல்லாருக்கும் வராது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சமைக்க வராதவளுக்குக் கைப்பக்குவம் இல்லை என்போமே, அதுபோலத்தான் சொன்னார். ரசனை இல்லை, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே வயிறு பற்றிக்கொண்டது.

அன்றிலிருந்து அந்த மணை அவளுடையது. அப்பாவுக்கு வார லீவு வந்தாலோ, காலை ஷிப்ட் முடித்து வெயிலோடு வந்தாலோ, வாசலில் நின்று அவளைத்தான் கூப்பிடுவார். ரெக்கார்டிங் கடையிலிருந்து புதுக் கேசட் வந்தால் அட்டையைப் பிரிப்பது அவள். வேர்க்கடலைப் பொட்டலம் முதலில் நீளுவது அவள் பக்கம். தபலாவை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டான், புல்லாங்குழலை அந்தப் பக்கம் வைத்துவிட்டான் என்று இரண்டு பேரும் பெரிய வித்வான்கள் மாதிரி பேசிக்கொள்வார்கள். நான் கதவு ஓரம் சாய்ந்து நிற்பேன். அவளுக்குச் சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் தெரு அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அம்மன் அவளுக்கு ஒரு தும்மல்கூடத் தரவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "பாரு, காதுல பொகை வருது இவளுக்கு" என்பாள்.

வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? இந்த வயதிலும் சொல்கிறேன், வந்தது.

சும்மா பொறாமைப்பட்டுக்கொண்டு மட்டும் நான் இருக்கவில்லை. அப்பா வேலைக்குப் போன பிறகு மணையில் போய் உட்கார்ந்து பழகினேன். கண்ணை மூடுவேன், நாக்கைக் கடித்துக்கொள்வேன், நடுவில் வந்து நில்லுங்கள் என்று பாடுகிறவரைக் கெஞ்சுவேன். அவர் வலது பக்கத்தை விட்டு அசையமாட்டார். சரி, அவள் விரல் நீட்டும் இடத்தையே நாமும் நீட்டிவிடலாம் என்று ஒரு நாள் துணிந்து அப்பாவிடம் போய், எனக்கும் இப்போது தெரிகிறது என்றேன். அவர் சந்தோஷமாகவே பாட்டைப் போட்டார். நான் கண்ணை மூடிக் காலண்டரைக் காட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தால், இடது பானையின் ஒயர் அவர் கையில் இருக்கிறது. ஒரு பானைதான் பாடிக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு ஒரு அண்ணன் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். பக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலையில் வேலை. அவரிடம் ஒரு எம்பி3 பிளேயர் இருந்தது. ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு. கேசட்டைத் திருப்பிப் போட வேண்டியதில்லை, பின்னோக்கிச் சுற்ற வேண்டியதில்லை, வேண்டாத பாட்டை ஒரு பட்டனில் தாண்டலாம். ஆனால் ஸ்பீக்கர் ஒன்றுதான் வாங்க முடிந்திருக்கிறது. பிளேயரிலிருந்து வரும் இடது வலது இரண்டு ஒயரையும் பல்லால் கடித்துத் தோலுரித்து, ஒன்றாக முறுக்கி அந்த ஒற்றை ஸ்பீக்கரில் கோத்துவிட்டிருந்தார்.

மோட்டார் போட்டிருக்கிறது, தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாடிக்குப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சத்தம் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினதுபோலத்தான் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் பாடுகிறவரும் தபலாக்காரரும் புல்லாங்குழல்காரரும் ஒரே இடத்தில் நின்றார்கள். யார் எங்கே நிற்கிறார் என்று யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. அண்ணன் துணி துவைத்துக்கொண்டே கேட்பார், நான் படியில் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்பேன். முதன்முதலாக, பரீட்சை இல்லாமல் பாட்டுக் கேட்டேன். குழுவில் வசதி வசதி என்று எழுதுகிறீர்களே, என் அகராதியில் அந்தச் சொல்லுக்கு இதுதான் அர்த்தம்.

நான் மாடியே கதி என்று கிடப்பது அப்பாவுக்குத் தெரிந்தது. ஒரு நாள் ஏறி வந்தார். முதலில் பார்த்தது அந்த முறுக்கிய ஒயரைத்தான். முகமே மாறிவிட்டது. அந்தப் பக்கம் வேறு, இந்தப் பக்கம் வேறு, இரண்டையும் யாராவது ஒன்றாக முறுக்குவார்களா, பிளேயருக்குள் இருக்கிற ஐசி புகைந்துவிடாதா என்று கத்தினார். அண்ணன் பொறுமையாகச் சோப்பு நுரையைக் கையிலிருந்து வழித்துப் போட்டார்.

"அண்ணாச்சி, ஷிப்ட் முடிஞ்சி வந்து படுத்தா பாட்டு ஓடணும், அம்புட்டுதாம். எழுந்திரிச்சி கேசட்ட திருப்பிப் போட எனக்கு உடம்புல தெம்பு இல்லல்லா."

"சும்மா ஓடறதுக்குப் பாட்டு எதுக்குப்பா? ஃபேன் போதுமே" என்றார் அப்பா.

கீழே வந்தவர் அம்மாவிடம், உன் மகளுக்கு நூற்றைம்பது பாட்டு ஒரே தட்டில் வேண்டுமாம் என்றார். அதன்பிறகு கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் பானையை விட்டுவிட்டு மகள் ஒரு டப்பா ஸ்பீக்கர் பின்னால் போய்விட்டாளே என்ற வயிற்றெரிச்சல். எனக்கு மட்டும் இல்லை, அவருக்கும் புகைந்திருக்கிறது என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. நானும் எதிர்வீட்டுக்காரியும் ஒன்றாகத்தான் நடந்து போகவேண்டும். அம்மாக்களின் ஏற்பாடு, தப்பிக்க முடியாது. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் ரோட்டில் பேய் மாதிரி போகும். ஒரு நாள் ரோட்டைத் தாண்டக் காலை எடுத்து வைத்தேன், அவள் என் புத்தகப்பையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் சரளைக்கல்லில் விழுந்தோம். இடதுபுறமிருந்து ஒரு டிப்பர் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டியது. முழங்காலில் ரத்தம். "உனக்கு நெஜமா கேக்கலியா?" என்று அவள் கேட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. எனக்கோ, இங்கேயும் வந்து தன் காதுப் பெருமையைக் காட்டுகிறாளே என்று ஆத்திரம். எனக்குக் காது இல்லை, உனக்குத்தான் இருக்கிறது, போதுமா என்று கத்தினேன். அவள் என் பையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து எப்போதும் என் வலது பக்கமாகவே நடந்தாள். நான் இடம் மாறினாலும் சுற்றி வந்து அந்தப் பக்கம் சேர்ந்துகொள்வாள். பெரிய மனுஷி, எனக்குக் காவல் நடக்கிறாளாம்.

அதற்குப் பிறகு சீக்கிரமே அவள் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. காரணம் தெரியாது. பள்ளிக்கும் வேறு பிள்ளைகளோடு முன்னால் போக ஆரம்பித்தாள். அப்பாவிடம் கேட்டதற்கு, "அவ இனிமே வர மாட்டா" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று நான் கேட்டு வாங்கி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். மணை காலியாகிவிட்டது. அப்பா என்னைக் கூப்பிடுவார் என்று வாரக்கணக்கில் காத்திருந்தேன். கூப்பிடவில்லை. அவர் தானே உட்கார்ந்து, தன் காதாலேயே, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். அப்புறம் அதுவும் குறைந்தது. வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. ஒரு பானையில் அம்மா புளி கொட்டி வைத்தாள். இன்னொன்று மழையில் ஊறி விரிசல் விட்டது. மாடி அண்ணன் வேறு ரூம் பார்த்துக்கொண்டு போனார். எம்பி3 தட்டுகளும் போய், பாட்டெல்லாம் போனுக்குள் வந்துவிட்டது.

படித்து முடித்து நான் வல்லம் வடகாலில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சேருவதற்கு முன் மெடிக்கல். ரத்தம், கண், எக்ஸ்ரே, கடைசியில் காது. ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வலது காதில் எறும்பு ஊர்வதுபோலச் சின்னச் சத்தம் வந்தாலும் அமுக்கினேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் இடது காது என்று அந்தப் பெண் கையைக் காட்டினாள். நான் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். அவள் எழுந்து வந்து என் ஹெட்போனைக் கழற்றினாள்.

"முடிஞ்சிடுச்சி மேடம்."

"எப்போ ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டேன்.

சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று டாக்டர் விசாரித்தார். வந்திருந்தது. கன்னம் வீங்கி, அம்மா தன் தங்கச் சங்கிலியை என் கழுத்தில் போட்டுவிட்டிருந்த ஞாபகம் இருக்கிறது. அது இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் காதை எடுத்துக்கொண்டு போய்விடுமாம். மறுகாது நன்றாக இருப்பதால் யாருக்கும் தெரியாதாம், அந்தப் பிள்ளைக்கே தெரியாதாம். எந்தப் பக்கமிருந்து சத்தம் வருகிறது என்பது மட்டும் பிடிபடாதாம். நல்லவேளை, மற்ற காதை வைத்து வேலை கொடுத்துவிட்டார்கள். இடது பக்கத்தில் வருவதையும் வலது காதுக்கே அனுப்பும்படி போனில் மாற்றி வைக்கக் கற்றுக்கொண்டேன். மோனோக்காரிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்ட அன்பருக்குப் பதில் இதுதான்.

ஆனால் நான் சொல்லவந்தது இது இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். என் குரலில் ஒரு கர்வம் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து கேஸ் ஜெயித்துவிட்டதுபோல. ஒயரை மாற்றி மாற்றிச் சொருகினீர்களே, பானையை நகர்த்தினீர்களே, ஒரு தடவையாவது என்னைத் திருப்பி உட்காரவைத்துப் பார்த்தீர்களா என்று கேட்கத் தயாராக இருந்தேன். அவர் அப்போது வேலையிலிருந்து நின்றிருந்தார். அவருக்கே காதில் மிஷின் வைக்கச் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னதை இரண்டு தடவை சொல்லவைத்துக் கேட்டார். எந்தக் காது என்றார். இடது என்றேன். நாற்காலியின் கையைத் தேய்த்தார்.

"அந்தப் பொண்ணு அப்பவே சொல்லிச்சு" என்றார்.

எந்தப் பெண் என்று கேட்டேன். எனக்கு முன்பே தெரிந்துவிட்டது, இருந்தாலும் கேட்டேன்.

"எதிர் வூட்டுப் பொண்ணுதான். ஒரு நாளு பாட்டு ஓடிக்கினு இருக்கும்போதே மணைய உட்டு எழுந்து வந்துச்சு. 'மாமா, அவளுக்கு ஒரு பக்கம் கேக்கவே இல்ல. ரோட்ல சோத்தாங்கைப் பக்கமா நடந்தாத்தான் நான் பேசறது அவளுக்குக் கேக்குது. டாக்டராண்ட காட்டுங்க மாமா'ன்னுச்சு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நீ வந்து மணையில உக்காந்துடுவியோன்னு பொறாமையில சொல்லுதுன்னு நெனச்சுட்டேன் பாப்பா. எம் பொண்ணையா செவுடுன்றேன்னு கத்திட்டேன். இனிமே இந்தப் பக்கம் வராதன்னு அனுப்பிட்டேன்."

அவர் அழுதார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்காக அவர் அவளிடமே கத்தினார் என்பதில் ஒரு நிமிஷம் குளிர்ந்துகூடப் போனேன். அந்த நிமிஷம் நிலைக்கவில்லை. அப்பாவை நான் அன்றே மன்னித்துவிட்டேன், அதில் கஷ்டமே இல்லை.

அவள் சேரப்பணஞ்சேரியில் கல்யாணம் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச தூரம்தான். போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பொங்கலுக்கும் போகலாம் என்று கிளம்பி, போகாமல் இருந்துவிடுகிறேன். அப்பாவுக்கு வேண்டிய காது அவளுக்கு இருந்தது, போகட்டும். எனக்குக் கேட்கவில்லை என்பதும்கூட எனக்கு முன்னால் அவளுக்குத்தான் கேட்டிருக்கிறது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.